வாசல் தாண்டாத மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம்.

போகிக்கு முந்தின நாள் அப்பாவின் கட்டிலை நகர்த்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சின்னத் துணிப்பை செருகியிருந்தது. பழைய ரசீது ஏதாவது இருக்கும் என்று அவிழ்த்தால், உள்ளே வெள்ளை மாத்திரைகள். தரையில் கொட்டி எண்ணினேன். 31 இருந்தன. எல்லாம் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை, காலையில் ஒன்று போட வேண்டியது. வேடிக்கை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பவள் நான்தான். கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. தினமும் ஒரு மாத்திரை அட்டையை விட்டு வெளியே வந்திருக்கிறது. வாய்க்குள் போனதா என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை.

நான் கல்லூரியில் பாலிமர் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். பாலிமர் என்றால் பிளாஸ்டிக், ரப்பர், பருத்தி நூல், நம் தலைமுடி எல்லாம்தான். நீள நீளமான மூலக்கூறு இழைகளால் ஆனவை. இந்த நிலையத்தார் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். அந்தத் துணிப்பை கைக்குக் கிடைத்திருக்காவிட்டால் அதைத்தான் பேசியிருப்பேன். இப்போது ஒரு வேறு பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசப்போகிறேன். விழுங்கினால் வயிற்றில் போய் விரிந்து, நாள்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் தானே உடைந்து வெளியேறுகிற பொருள். தன் பழைய வடிவத்தை ஞாபகம் வைத்திருக்கிற பொருள்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு போடாமல் விடுவது என் அப்பா கண்டுபிடித்த தந்திரம் இல்லை. சென்னை சேத்துப்பட்டில் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, அது 1956ல் ஒரு சிறிய ஆய்வு மையமாகத் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். காசநோய் என்றால் சானடோரியத்தில் போய்ப் படுத்தாக வேண்டும் என்று இருந்த காலம். வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959ல் உலகத்துக்குச் சொன்னது அந்த மதராஸ் ஆய்வு. ஆனால் வீட்டுக்கு மாத்திரையைக் கொடுத்தனுப்பினால் இன்னொரு கேள்வி வருகிறது, சாப்பிட்டார்களா இல்லையா என்று. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைப் பரிசோதித்து மருந்தின் தடயம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதே மையத்தில், வாரம் இரண்டு முறை மட்டும், ஊழியர் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்துக் காட்டினார்கள். பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய ‘கண்ணெதிரே மருந்து’ திட்டத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஏழை நாடுகளில் மட்டும் இருக்கும் சிரமமா இது? இல்லை. 2003ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, பணக்கார நாடுகளிலேயே நீண்டகால நோய்களுக்கான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவோர் சராசரியாகப் பாதிப்பேர்தான் என்கிறது.

சரி, ஏழு நாள் மருந்தை ஒரே கேப்ஸ்யூலில் அடைத்து ஞாயிற்றுக்கிழமை விழுங்கவைத்தால் என்ன? யோசனை நல்லது. தடை மருந்தில் இல்லை, வயிற்றில் இருக்கிறது.

இரைப்பையை நாம் ஒரு பை என்று நினைத்துக்கொள்கிறோம். அது பையைவிட ஆட்டுக்கல்லுக்கு நெருக்கமானது, அதுவும் கீழே ஒரு வாசல் வைத்த ஆட்டுக்கல். அந்த வாசலுக்குப் பைலோரஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் வாயிற்காப்போன் என்று பொருள். சாதாரணமாகத் திறக்கும்போது அது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே அகலம். சாப்பாடு உள்ளே இருக்கும்போது இந்தக் காவல்காரர் ரொம்பக் கறார். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக அரைபட்டதைத்தான் பெரும்பாலும் வெளியே விடுவார். பெரிய துண்டு எதுவும் திரும்ப அரைபடப் போக வேண்டியதுதான். ஆனால் வயிறு காலியானதும் ஆளே மாறிவிடுவார். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து குடல் வரைக்கும் ஒரு பலமான அலை அடிக்கும். வயிறு காலியாக இருக்கும்போது கடமுடவென்று கேட்குமே, அந்த நேரம்தான். மிச்சம் மீதி எல்லாவற்றையும் கூட்டித் தள்ளுகிற அலை என்பதால் மருத்துவர்கள் இதற்கு வீடு பெருக்கும் அலை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வாசலும் அப்போது தளர்ந்து கொடுக்கும். குழந்தை முழுங்கின காசு பல நேரம் தானாக வெளியே வருவது இப்படித்தான். மாத்திரையும் அப்படித்தான் போய்விடுகிறது. எவ்வளவு மெதுவாகக் கரையும் மாத்திரை செய்தாலும், விடிவதற்குள் இரைப்பையில் அது இருக்காது.

போனால் என்ன, குடலில் கரையட்டுமே என்று கேட்கலாம். சில மருந்துகளுக்கு அது முடியாது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா, சிறுகுடலின் மேல்பகுதியில்தான் ரத்தத்துக்குள் ஏறும். பேருந்து அந்த நிறுத்தத்தைத் தாண்டிவிட்டால் இறங்க இடமில்லை. ஆகவே மருந்து வாசலுக்கு மேலேயே, இரைப்பையிலேயே தங்க வேண்டும். அங்கிருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே போக வேண்டும்.

மனிதர்களுக்கு முன்னால் இந்தச் சங்கதி மாடுகளுக்கு வந்துவிட்டது. மேயும்போது ஆணி, கம்பி எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிடும் ஜீவன் மாடு. அந்தக் கம்பி வயிற்றைக் குத்தி இருதயம் வரை போய்விடாமல் இருக்க, பால் பண்ணைகளில் மாட்டுக்கு ஒரு காந்தத்தையே விழுங்கக் கொடுக்கிறார்கள். அது ஆயுசு முழுக்க வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். ஆஸ்திரேலியாவில் குடற்புழு மருந்துக்காக ஒரு குப்பி செய்தார்கள். அதற்கு இரண்டு பிளாஸ்டிக் இறக்கைகள். விழுங்கும்போது இறக்கைகள் உடம்போடு ஒட்டி மடக்கிக் கட்டப்பட்டிருக்கும். உள்ளே போனதும் கட்டு நனைந்து கரைய, இறக்கை விரிந்துகொள்ளும். அசைபோடும்போது மாடு அதை வாய்க்குக் கொண்டுவர முடியாது. எளிமையான வேலை. ஆனால் மாட்டின் வயிறு வேறு, நம் வயிறு வேறு. மாட்டுக்குள் காந்தம் கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம்.

மனிதர்களுக்கென்று பல வித்தைகள் முயன்று பார்த்தார்கள். மிதக்கும் மாத்திரை உண்டு. வாயு உண்டாக்கிக்கொண்டு சோற்றுக்கு மேலே மிதக்கும். தண்ணீர் குடித்து ஊதிப் பெரிதாகும் மாத்திரையும் உண்டு. இரண்டும் வயிற்றில் சாப்பாடு இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். பெருக்கும் அலை வந்தால் கிளம்ப வேண்டியதுதான். இஸ்ரேலில் ஒரு நிறுவனம் மெல்லிய பாலிமர்த் தாள்களை ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடித்துக் கேப்ஸ்யூலுக்குள் வைத்தது. வயிற்றில் தாள் விரியும், அரை நாள் தங்கும். லெவோடோபாவை வைத்துப் பெரிய அளவில் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2019ல் முடிவு வந்தது. வழக்கமான மாத்திரையைவிட மேல் என்று நிரூபிக்க முடியவில்லை. இந்தத் துறையில் நிறைய அறிவிப்புகள் உண்டு, இம்மாதிரி முடிவுகளும் உண்டு. அதனால் நான் சொல்வதையும் கொஞ்சம் ஆறவைத்தே கேளுங்கள்.

இப்போது ஞாபகம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். பொருளுக்கு ஞாபகமா என்று சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா? யாராவது ஒருவர் அவசரத்தில் ஊற்றியிருப்பார்கள். பாட்டில் சுருங்கிக் கோணிக்கொள்ளும். பிளாஸ்டிக் உருகிவிட்டது என்று நினைப்போம். அது உருகவில்லை. அந்த பாட்டில் முதலில் ஒரு விரல் மாதிரியான தடித்த சின்னக் குழாயாகத்தான் இருந்தது. அதைச் சூடாக்கி, உள்ளே காற்றடித்து ஊதி பாட்டிலாக்கி, அப்படியே குளிர வைத்துவிட்டார்கள். இழுபட்ட இழைகள் பழையபடி சுருள முடியாமல் உறைந்து நின்றன. வெந்நீர் பட்டதும் உறைச்சல் விட்டுப்போக, பாட்டில் தன் பழைய குழாய் வடிவத்தை நோக்கித் திரும்பப் பார்க்கிறது.

வகுப்பில் இதை விளக்க நான் தேங்காய் எண்ணெயைத்தான் கூப்பிடுவேன். மார்கழி மாதம் ஒரு கிண்ணம் எண்ணெயில் ஒரு ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணெய் உறையும்வரை காத்திருங்கள். உறைந்ததும் கையை எடுத்துவிடலாம். ஸ்பிரிங் அழுந்தியபடியே கிடக்கும். கிண்ணத்தை வெயிலில் வையுங்கள். எண்ணெய் இளகும், ஸ்பிரிங் எழும்பும். வடிவ நினைவுப் பாலிமரில் இரண்டும் ஒரே பொருளுக்குள் இருக்கின்றன. இழைகளை ஆங்காங்கே கட்டிவைக்கும் முடிச்சுகள்தான் ஸ்பிரிங். சொந்த வடிவம் எது என்பதை அவை மறப்பதில்லை. முடிச்சுகளுக்கு நடுவே உள்ள பகுதிகள் எண்ணெய். குளிர்ந்தால் உறைந்து தற்காலிக வடிவத்தைப் பிடித்துவைக்கும், சூடு பட்டால் விட்டுவிடும்.

உலோகத்திலும் இது உண்டு. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால். பிள்ளைகளுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டுகிறார்களே, அதில் பெரும்பாலும் முதலில் மாட்டுவது இந்தக் கலவைதான். ஆனால் அது உடம்பில் கரையாது.

கரையக்கூடியதும் நினைவு உள்ளதுமான பாலிமரை 2002ல் ஆந்த்ரேயாஸ் லெண்ட்லைன் என்ற ஜெர்மானியரும், அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கழகத்தில் இருக்கும் ராபர்ட் லேங்கரும் செய்து காட்டினார்கள். தையல் நூல் ஒன்று. அதை இழுத்து நீட்டி உறையவைத்து, தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டார்கள். நாற்பது டிகிரிச் சூட்டில் 20 நொடியில் முடிச்சு தானாக இறுகிக்கொண்டது. அந்தப் படங்களை முதன்முதலில் பார்த்த அன்று நான் ஆய்வகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். விரல் நுழைய முடியாத இடத்தில் நூலே முடிச்சை இறுக்கிக்கொள்கிறது. வேலை முடிந்தபின் உடம்பிலேயே சிதைந்தும் போகிறது.

இதே வித்தையை மாத்திரைக்குக் கொண்டுவருவதுதான் கதை. வயிற்றில் என்ன வடிவத்தில் இருக்க வேண்டுமோ அந்த அகலமான வடிவத்தில் முதலில் வார்க்க வேண்டும். சூடாக்கி மடித்து, ஒல்லியாக்கி, குளிரவைத்துக் கேப்ஸ்யூலுக்குள் போட வேண்டும். வயிற்றில் கேப்ஸ்யூல் கரைந்ததும் உள்ளே இருப்பது விரிந்து, வாசலைவிட அகலமாக நின்றுகொள்ளும்.

சும்மா ஒரு ரப்பரை மடித்துவைத்தால் போதாதா, எதற்கு நினைவுப் பொருள் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பழைய கடிதக் கட்டில் போட்ட ரப்பர் பேண்டை இருபது வருஷம் கழித்து எடுத்துப் பாருங்கள். இழுபட்ட வடிவத்திலேயே தளர்ந்து கிடக்கும். மருந்துக் கடை அலமாரியில் இரண்டு வருஷம் மடிந்து கிடந்த ரப்பரும் அப்படிச் சோம்பிப்போகலாம். அதோடு, அந்த நாளெல்லாம் அது கேப்ஸ்யூலின் சுவரை உள்ளிருந்து முட்டிக்கொண்டே இருக்கும். நினைவுப் பாலிமர் அப்படி முட்டாது. உறைந்து, அடங்கிக் கிடக்கும். கட்டளை வந்தால்தான் விரியும்.

கட்டளை எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் நம் ஊருக்குச் சிக்கல். உடம்புச் சூடு 37 டிகிரி. அதில் விரியும்படி செய்யலாம்தான். ஐரோப்பாவில் அலமாரியில் இருக்கும்வரை கவலையில்லை. சித்திரை வெயிலில் வேலூரிலோ திருத்தணியிலோ தகரக் கூரை போட்ட மருந்துக்கடையை நினைத்துப் பாருங்கள். வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. நோயாளியின் வயிற்றுக்குப் போவதற்கு முன்னால் அலமாரியிலேயே எல்லா மாத்திரைகளும் விரிந்துகொண்டுவிடும்!

இதற்கு வழி தண்ணீர். பார்லரில் போய்ச் சுருட்டை முடியை அயர்ன் பண்ணி நேராக்கிக்கொண்டு வருகிற பெண்கள் மழையைக் கண்டால் ஏன் ஓடுகிறார்கள்? ஈரம் பட்டால் முடி தன் சுருட்டையை ஞாபகப்படுத்திக்கொள்ளும். சில பாலிமர்களும் அப்படித்தான். உலர்ந்திருக்கும்போது 50, 60 டிகிரி வரை இறுகிக் கிடக்கும். தண்ணீரை உறிஞ்சியதும் அந்த எல்லை சரசரவென்று இறங்கி, உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும். சூடும் ஈரமும் சேர்ந்தால்தான் பூட்டுத் திறக்கும். இத்தாலியில் மிலான் பல்கலைக்கழகத்து மருந்தியல் குழு 2019ல் பாலிவினைல் ஆல்கஹாலை வைத்து இதைச் செய்து காட்டியது. கண் வறட்சிக்குப் போடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் இருக்கும் அதே பொருள்தான். முப்பரிமாண அச்சில் அச்சடித்து, மடித்து, இரைப்பைத் திரவம் போன்ற அமிலத்தில் 37 டிகிரியில் போட்டால், சில நிமிடங்களில் மடிப்பு அவிழ்கிறது. எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் புதிய ரசாயனத்தைத் தேடி ஓடாமல், மருந்துத் துறைக்கு நன்றாகப் பழகிய சரக்கையே எடுத்துக்கொண்டதுதான்.

இந்த வகையில் இதுவரை வெகுதூரம் வந்திருப்பது எம்.ஐ.டி.யில் பிறந்த நட்சத்திர மாத்திரை. நடுவில் மீள்தன்மையுள்ள ஒரு மையம், அதிலிருந்து ஆறு கைகள். கைகளில் மருந்து கலந்த பாலிமர். ஆறு கையையும் பூ மொட்டு மாதிரி ஒரு பக்கமாகக் குவித்துக் கேப்ஸ்யூலில் வைக்கிறார்கள். வயிற்றில் அது மலர்கிறது. கறாராகச் சொன்னால் இது ரப்பரின் மீள்தன்மையில் விரிவது, நான் சொன்ன உறைந்த நினைவு இல்லை. இரண்டும் பங்காளிகள். 2016ல் ஐவர்மெக்டின் மருந்தை வைத்துப் பன்றிகளில் இரண்டு வாரம் வரை மருந்து கொடுத்துக் காட்டினார்கள். ஐவர்மெக்டின் ஓடும் ரத்தத்தைக் குடித்தால் கொசு சாகும். ஆகவே மலேரியாவை ஒழிக்க அது உதவும் என்ற எண்ணம். அப்புறம் மனச்சிதைவு நோய்க்கான ரிஸ்பெரிடோனை வாரம் ஒருமுறை விழுங்கும் வடிவத்தில் செய்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்ததில் ரத்தத்தில் மருந்தின் அளவு சீராக இருந்தது என்று 2025ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் எழுதியிருக்கிறார்கள்.

விரிவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். என் கணக்கில் அது பாதி வேலைகூட இல்லை. வந்தது போக வேண்டுமே.

1985ல் அமெரிக்காவில் உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் வைக்கும் ஒரு பலூனுக்கு அனுமதி கொடுத்தார்கள். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சாப்பாடு குறையும். சிலருக்கு அந்த பலூன் நினைத்த நேரத்துக்கு முன்பே காற்றிறங்கிக் குடலுக்குள் நழுவி, வழியை அடைத்துக்கொண்டது. அறுவைச் சிகிச்சை செய்து எடுக்க வேண்டியதாயிற்று. சில வருஷத்திலேயே அது சந்தையிலிருந்து போய்விட்டது. வாசலைத் தாண்டக்கூடாத ஒன்று முழு உருவத்தோடு வாசலைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த பலூன் சாட்சி.

அதனால்தான் நட்சத்திரத்தின் கைகள் மையத்தோடு நேரடியாக ஒட்டவில்லை. நடுவே இணைப்புத் துண்டுகள் இருக்கின்றன. ஒரு வகைத் துண்டு இத்தனை நாள் ஊறினால் தளர்ந்துவிடும் என்ற கணக்கில் செய்தது. தவணை முடிந்ததும் கைகள் கழன்று, சிறு துண்டுகளாக வாசலைக் கடந்து, மலத்தோடு போய்விடும். இன்னொரு வகை, அபாயத்துக்கு வைத்த காவல். இரைப்பையின் கடும் அமிலத்தில் அது கெட்டியாக இருக்கும். அமிலம் இல்லாத குடலுக்குத் தப்பித்தவறி நழுவிவிட்டால் உடனே கரையத் தொடங்கும். அமிலத்தில் தாங்கி, குடலில் கரையும் ரப்பரையே அதே எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் 2015ல் செய்திருந்தார்கள்.

அழகான ஏற்பாடு. ஆனால் நம்மூரில் காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடாதவர்கள் எத்தனை பேர்? தலைவலிக்குப் போனாலும் சீட்டின் முதல் வரியில் அதுதான் இருக்கிறது. அந்த மாத்திரை இரைப்பை அமிலத்தையே குறைத்துவிடும். அமிலம் இருப்பதை வைத்து ‘நான் இரைப்பையில் இருக்கிறேன்’ என்று தெரிந்துகொள்ளும் ஒரு துண்டு, அமிலமில்லாத இரைப்பையைக் குடல் என்று ஏமாந்துபோக வாய்ப்பிருக்கிறது. இப்படிப்பட்ட சாதனம் நம் ஊர்க் கடைக்கு வரும் நாளில் வடிவமைப்பாளர்கள் நம் மருந்துச் சீட்டுகளையும் படித்துவிட்டு வர வேண்டும். பல வருஷம் சர்க்கரை நோய் இருப்பவர்களில் சிலருக்கு இரைப்பையே மந்தமாகத்தான் வேலை செய்யும் என்பது இன்னொரு சங்கதி.

மக்கும், சிதையும் என்ற சொற்களையும் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இந்தச் சாதனங்களில் அடிக்கடி வரும் பாலிகேப்ரோலாக்டோன் உண்மையிலேயே உடம்பில் சிதையக்கூடியது. ஆனால் முழுக்கச் சிதைய இரண்டு வருஷம்கூட ஆகும். அறுவைச் சிகிச்சையில் போடும் கரையும் தையலுக்கே இரண்டு மாதம் போல வேண்டும். ஒரு வாரம் தங்கும் மாத்திரை ஒரு வாரத்தில் மாயமாய்க் கரைந்துவிடாது. கரைவது இணைப்புகள்தான், மற்றது உடைந்து வெளியே வரும். நோயாளியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. காலையில் பார்த்துவிட்டுப் பதறுவார்கள்.

சரி, சென்னையில் தொடங்கிய கேள்விக்கு, காசநோய்க்கு, இது உதவுமா? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டில் முதல் இரண்டு மாதம் கொடுக்கும் கூட்டு மாத்திரையில் நான்கு மருந்து. 75, 150, 400, 275 மில்லிகிராம். கூட்டினால் 900. நாற்பது கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு மூன்று மாத்திரை, அதாவது 2.7 கிராம். ஒரு வாரத்துக்குப் பத்தொன்பது கிராமுக்கு அருகில். மனிதர் சாதாரணமாக விழுங்கக்கூடிய பெரிய கேப்ஸ்யூலில் ஒரு கிராம் அடைப்பதே பாடு. ரிஸ்பெரிடோன் சில மில்லிகிராமில் வேலை செய்யும் மருந்து, அதனால் ஒரு வாரத்துக்கு அடைக்க முடிந்தது. காசநோய் மருந்தை அப்படி அடைக்க வழியே இல்லை.

அதனால் அதே எம்.ஐ.டி. குழு வேறு வழியில் போனது. 2019ல் நிட்டினால் கம்பியில் மணி கோப்பது போல மருந்து வில்லைகளைக் கோத்தார்கள். அறுநூறு வரை கோக்கலாமாம். மூக்கு வழியாக விடும் குழாயில் கம்பியை நேராக நுழைத்தால், வயிற்றுச் சூட்டில் அது சுருளாக மாறி உள்ளே தங்கும். பன்றிகளில் 28 நாள் மருந்து கொடுத்தார்கள். முடிந்ததும் காந்தம் வைத்த இன்னொரு குழாயை விட்டுப் பிடித்து இழுத்துவிடலாம். டெல்லியில் காசநோய் நோயாளிகளிடம் இப்படி ஒன்று வந்தால் ஏற்பீர்களா என்று கேட்டும் பார்த்தார்கள். பெரும்பாலானோர் சம்மதம் என்றார்கள். மூக்கில் குழாய் விட ஒருவர் சம்மதிக்கிறார் என்றால், தினமும் கைநிறைய மாத்திரை விழுங்குவது அவரை எவ்வளவு வாட்டியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்தத் துணிப்பை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அப்பா முன்னால் கொண்டுபோய் வைத்தேன். எண்பத்திரண்டு வயது, கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார். அந்த மாத்திரை போட்டால் மணிக்கு இரண்டு தடவை ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறதாம். திருக்கோவிலூரிலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். நடுவில் நிறுத்தச் சொல்லி ஒருநாள் நடத்துநரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். அதிலிருந்து வெளியூர் போகிற நாளெல்லாம் மாத்திரை பைக்குள் போகிறது. மறதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மறதி இல்லை. உப்பையும் நீரையும் இறக்கும் மாத்திரையின் வேலையே அதுதான். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்றிக் கொடுத்திருப்பார். இப்போது மாற்றியும் கொடுத்துவிட்டார்.

இந்த உரையை எழுதிக்கொண்டிருந்தபோது அவருக்கு நட்சத்திர மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். காகிதத்தில் ஆறு கை வெட்டி, குவித்து, விரித்துக்கூடக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்று போட்டால் போதும், தினமும் வேண்டாம் என்றேன். காகிதத்தைக் கையில் வாங்கி அவரும் ஒருமுறை குவித்து விரித்துப் பார்த்தார்.

“ஏம்மா, ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடுகிறேன். புதன்கிழமை விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். அன்றைக்கு ஒருநாள் மட்டும் அதை நிறுத்திவைக்க முடியுமா?”

குடிக்கும் திரவம் ஒன்றால் வயிற்றில் இருப்பதைக் கரைத்துவிடும் ஜெல்களையும் செய்து பார்க்கிறார்கள் என்று சொன்னேன். ஆனால் கரைத்துவிட்டால் கரைத்ததுதான், வியாழக்கிழமை மறுபடி தொடங்காது.

“அப்படியென்றால் எனக்கு என் பையே போதும்” என்று காகித நட்சத்திரத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

வணக்கம்.